மூச்சு வாங்காத மலை!

"அஞ்சே அஞ்சு நிமிஷம்மா... யாக் கிட்ட வந்துடுச்சு!"

தட்டில் தோசை ஆறிக்கொண்டிருக்க, உள் அறையிலிருந்து இப்படி ஒரு பதில் வந்தால் என்ன செய்வீர்கள்? 'யாக்கா? அது என்னடா புதுசா?' என்று எட்டிப் பார்ப்பீர்கள். கம்ப்யூட்டர் திரையில் வெள்ளை வெளேரென்று இமயமலை. நடுவில், கறுப்புக் கம்பளியைத் தரை வரைக்கும் போர்த்திக்கொண்டாற்போல் ஒரு பிரம்மாண்டமான மாடு. புல்லுக்குள் பதுங்கியபடி துப்பாக்கியோடு உங்கள் செல்ல வாரிசு!

நாலு திட்டு திட்டி, ஸ்விட்சை அணைத்துவிடலாம். சுலபமான வேலைதான். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அந்தத் திரையில் ஓடுவது உடம்பைப் பற்றிய ஓர் அருமையான பாடம். பாதிப் பாடம்தான் அங்கே இருக்கிறது. மீதிப் பாதியை நீங்கள் சொல்லிக் கொடுக்கவேண்டும். அதற்கு முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமில்லையா? வாருங்கள், பார்த்துவிடலாம்.

அது என்ன விளையாட்டு?

'தி ஹண்டர்: கால் ஆஃப் தி வைல்ட்' என்பது 2017-ல் வெளியான வேட்டை விளையாட்டு. உலகின் பல பகுதிகளை மாதிரியாக வைத்து இதில் கற்பனைக் காடுகளை உருவாக்கியிருக்கிறார்கள். நேபாளத்து இமயமலையை மாதிரியாகக் கொண்ட காட்டின் பெயர் 'சுந்தர்பாடன்'. வங்கப்புலி, பனிச்சிறுத்தை, நீல ஆடு, நீலகாய் என்று ஒரு பட்டாளமே அங்கே உலவுகிறது. அந்தப் பட்டாளத்தில் ஒன்றுதான் காட்டு யாக்.

'டுமீல் டுமீல்' என்று சுட்டுத் தள்ளுகிற சமாசாரம் இல்லை இது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கவேண்டும். உங்கள் வாசனை காற்றில் போய்ச் சேர்ந்தால் மிருகம் ஓடிவிடும். காலடித் தடம், சாணம் எல்லாவற்றையும் பார்த்துப் பின்தொடர வேண்டும். ஓடிப் போனால் வேட்டைக்காரனின் நாடித் துடிப்பு ஏறும். துடிப்பு ஏறினால் குறி ஆடும். அப்போது நின்று, மூச்சைப் பிடித்து, நிதானித்துச் சுடவேண்டும். சுட்ட பிறகு, குண்டு இதயத்தில் பட்டதா, நுரையீரலில் பட்டதா என்றுகூடக் கணக்குக் காட்டும்.

கவனித்தீர்களா? நாடி, மூச்சு, இதயம், நுரையீரல்... எல்லாம் நம் டாக்டர் பேசுகிற விஷயங்கள்! ஆனால் உங்கள் பிள்ளையின் நிஜ நுரையீரல் இருப்பதோ உங்கள் வீட்டு நாற்காலியில், ஃபேன் காற்றில். எத்தனை பனிமலை ஏறினாலும் அதற்கு மூச்சு வாங்காது. விளையாட்டு தரமுடியாத அந்த ஒன்றுதான் யாக்கின் வாழ்க்கை ரகசியமே!

நிஜ யாக் எப்படி இருக்கும்?

திபெத்தியப் பீடபூமிதான் காட்டு யாக்கின் சொந்த ஊர். சுமார் 4,000 மீட்டரிலிருந்து 6,000 மீட்டர் உயரம் வரை, மரம் மட்டை இல்லாத குளிர்ப் பாலையில் மேய்கிறது. வளர்ந்த ஆண் தோள் வரைக்கும் 2 மீட்டர் உயரம் இருக்கும். எடை 1,000 கிலோ வரைகூடப் போகும். அடேங்கப்பா! பெண் யாக் அதில் மூன்றில் ஒரு பங்குதான். மைனஸ் 40 டிகிரி குளிரையும் 'சரிதான் போ' என்று தாங்கிக்கொள்ளும்.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? திபெத்திய மொழியில் 'யாக்' என்றால் ஆண் மாடு மட்டும்தான். பெண்ணுக்கு 'திரி' என்று தனிப் பெயர். ஆகவே அங்கே போய் 'யாக் பால் கிடைக்குமா?' என்று கேட்டால், நம்மிடம் ஒருவர் 'காளைமாட்டுப் பால் ஒரு லிட்டர்' என்று கேட்ட மாதிரி!

மலைவாசிகள் வளர்க்கிற வீட்டு யாக்குகள் உலகில் ஒரு கோடிக்கு மேல் இருக்கின்றன. பால், வெண்ணெய், கம்பளி, சுமை தூக்கல், எரிக்க வரட்டி என்று சகலத்துக்கும் அவைதான். ஆனால் காட்டு யாக்? வயது வந்தவை 10,000-க்கும் குறைவு என்பது உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் கணக்கு.

நமக்குப் புதுசு இல்லை!

'நமக்கும் யாக்குக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கிறீர்களா? கோயிலில் சுவாமிக்கு வெண்சாமரம் வீசுவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்தச் சாமரம், யாக்கின் வால் முடி! வடமொழியில் 'சமரம்' என்பதே யாக்கின் பெயர்தான்.

மானம் என்ற பேச்சு வந்தாலே நாம் உதாரணம் காட்டுகிற 'கவரிமா' இருக்கிறதே... 'அது ஒரு மான்' என்றுதான் நம்மில் பலபேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'மா' என்றால் விலங்கு. கவரிமா என்பது யாக். முடி போனால் உயிர் வாழாது என்று சொன்னார்களே, அந்தக் குளிரை நினைத்துப் பாருங்கள். கம்பளி இல்லாமல் ஒரு ராத்திரி தாங்குமா? உங்கள் பிள்ளை திரையில் குறி வைப்பது வள்ளுவர் சொன்ன அதே கவரிமாவைத்தான் என்று இன்றைக்கே சொல்லிப் பாருங்கள். கண்ணை விரிப்பான்!

அதற்கு மட்டும் எப்படி?

கடல் மட்டத்தில் இருந்தாலும் சரி, எவரெஸ்ட் உச்சியில் இருந்தாலும் சரி, காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு சுமார் 21 சதவிகிதம்தான். பிறகு ஏன் மேலே போனால் மூச்சு திணறுகிறது? காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். சுமார் 5,500 மீட்டரில் அழுத்தம் பாதியாகிவிடும். அதாவது, ஒவ்வொரு மூச்சிலும் பாதி ஆக்ஸிஜன்தான் உள்ளே போகும். அரை வயிற்றுச் சாப்பாட்டில் முழு நாள் வேலை!

அங்கே யாக் சௌகரியமாக மேய்வதற்குக் காரணம் அதன் உடம்பின் அமைப்பு. சாதாரண மாட்டுக்கு 13 ஜோடி விலா எலும்புகள். யாக்குக்கு 14 ஜோடி, சிலவற்றுக்கு 15. மார்புக் கூடு பெரிசு. உள்ளே நுரையீரலும் இதயமும் பெரிசு.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஆக்ஸிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்குவது பொதுவான சுபாவம். சமவெளி மாட்டை உயரமான மலைக்கு ஓட்டிப் போனால், இந்தச் சுருக்கத்தால் நுரையீரலில் ரத்த அழுத்தம் ஏறும். இதயத்தின் வலது பக்கம் பம்ப் செய்ய முடியாமல் திணறும். மார்புச் சதையில் நீர் கோத்துக்கொண்டு மாடு சாய்ந்துவிடும். யாக்கின் நுரையீரல் குழாய்களோ மெல்லிய சுவர் கொண்டவை. அவ்வளவாகச் சுருங்குவதில்லை. 2012-ல் யாக்கின் மரபணுத் தொகுப்பை ஆராய்ந்து வெளியிட்ட விஞ்ஞானிகள், குறைந்த ஆக்ஸிஜனைச் சமாளிக்கும் மரபணுக்களில் அதற்குத் தனி மாற்றங்கள் இருப்பதைக் கண்டார்கள்.

ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. அதே யாக்கைக் கீழே கொண்டுவந்தால் பாவம், வெயில் தாங்காது! அடர்ந்த கம்பளி. வியர்வையோ மிக மிகக் குறைவு. நமக்கு 'ஆஹா, இதமா இருக்கே' என்று தோன்றும் 20 டிகிரியே அதற்கு அவஸ்தை. ஒவ்வோர் உடம்புக்கும் ஓர் ஊர் என்பது இதுதான்.

நாம் போனால் என்ன ஆகும்?

விளையாட்டில் இமயமலையைப் பார்த்த பிள்ளை, 'லீவுக்கு அங்கே போகலாம்பா' என்று கேட்கலாம். தப்பே இல்லை. முக்திநாத் யாத்திரை, லே சுற்றுலா என்று நம் குடும்பங்கள் போய் வருகின்றனவே. ஆனால் ஒரு கணக்கை மனசில் வையுங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர்தான். லே 3,500 மீட்டர். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். கயிலாயப் பரிக்ரமாவில் கடக்கிற டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல், யாக் ராஜ்யத்தின் நடுமத்தியில்!

சுமார் 2,500 மீட்டருக்கு மேல் போனாலே மலை நோய் வரலாம். போய்ச் சேர்ந்த சில மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், சாப்பாடு பிடிக்காமை, தலைசுற்றல், தூக்கமின்மை, அசதி. 'பஸ்ல வந்த களைப்பு' என்று தலைவலி மாத்திரை போட்டுவிட்டு மேலே ஏறுவோம். இங்கேதான் ஆபத்து. முற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், உதடு நீலம் பாரிக்கும். அல்லது மூளையில் வீக்கம் கண்டு, நடை தள்ளாடும், பேச்சு குழறும். இரண்டுமே உயிருக்கு உலை வைப்பவை.

'எனக்கென்ன, தினமும் ஜிம்முக்குப் போறேன்' என்கிற இளைஞருக்கும் வரும். உடல் வலுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பார்க்கப்போனால், பலசாலிகள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்!

தப்பிக்கும் வழி ரொம்ப எளிது: மெதுவாக ஏறுங்கள். 3,000 மீட்டருக்கு மேல், இன்று ராத்திரி தூங்குகிற இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக்கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. லேவுக்கு விமானத்தில் போனால் முதல் இரண்டு நாள் ஊர் சுற்றவே வேண்டாம். மது கூடாது. தலைவலி இருக்கும்போது மேலே ஏறவே கூடாது. குறையவில்லையென்றால் கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம். இதய நோய், நுரையீரல் நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்கவேண்டாம். தடுப்பு மாத்திரையும் டாக்டர் சொன்னால் மட்டுமே.

நிஜ வேட்டையில் நடந்தது...

மீண்டும் யாக்கிடம் வருவோம். விளையாட்டில் ஒரு யாக்கைச் சுட்டால் அதன் இடத்தில் வேறொன்று வந்துவிடும். நிஜத்தில்?

பெண் யாக் ஒரு தடவைக்கு ஒரு கன்றுதான் போடும். அதுவும் பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. வயிற்றில் சுமப்பது ஏறக்குறைய ஒன்பது மாசம், நம் தாய்மார்கள் மாதிரியே. அந்தக் கன்று முழு வளர்ச்சி அடைய ஆறு முதல் எட்டு வருஷம் ஆகிறது. சுடுவதற்கோ ஒரு விநாடி போதும். கணக்கு எப்படிச் சரியாகும்? இறைச்சிக்காக நடந்த வேட்டையே காட்டு யாக் இவ்வளவு குறைந்துபோனதற்கு முக்கியக் காரணம். வீட்டு யாக்குகளோடு கலந்து கலப்பினமாவதும், அவற்றிடமிருந்து நோய் தொற்றுவதும் மற்ற காரணங்கள்.

நேபாளத்தில் காட்டு யாக் அற்றே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2014-ல் ஹும்லா மாவட்டத்தின் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் ஆராய்ச்சியாளர்கள் அதை மறுபடி கண்டபோது, அது ஒரு பெரிய செய்தி! நேபாளத்தில் சட்டப்படி வேட்டைக்கு ஒதுக்கிய ஒரே காடு தோர்பாடன். நீல ஆட்டையும் மலையாட்டையும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அனுமதி வாங்கிச் சுடலாம். யாக்கைத் தொடக்கூட முடியாது, அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. நம் நாட்டிலும் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் அதற்கு இடம் உண்டு.

ஆக, உங்கள் பிள்ளை திரையில் சுடுவது, நிஜத்தில் எவரும் சுடக்கூடாத ஒரு விலங்கை. இதை அவனிடம் சொல்லுங்கள். திட்டாக வேண்டாம், தகவலாக.

'பிள்ளை முரடனாயிடுவானோ?'

எல்லாப் பெற்றோருக்கும் வருகிற கவலை. நியாயமானதுதான். அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் இதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் மறுபடி அலசியது. வன்முறை விளையாட்டுகளுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய அளவில் தொடர்பு இருக்கிறது. ஆனால் கொடூர வன்முறைகளுக்கு இவைதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஆகவே பீதி வேண்டாம். 'நமக்கென்ன' என்றும் இருக்கவேண்டாம்.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது துப்பாக்கியைவிட நாற்காலியைப் பற்றி! யாக்கைத் தேடி மைல் கணக்கில் 'நடந்த' பிள்ளையின் கால்கள் மூன்று மணி நேரமாக அசையவே இல்லை. கண் இமைப்பது குறைந்து, கண் உலர்ந்து எரிகிறது. கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. மலையில் மணிக்கணக்காகக் காத்திருக்கும் பொறுமை நல்லதுதான். ஆனால் அது ராத்திரி ஒரு மணிக்கு நடந்தால், மறுநாள் ஸ்கூலில் தூங்கி விழத்தானே செய்யும்?

உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் கோளாறு' என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 2022 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆடுவதை நிறுத்த முடியாமை, சாப்பாடு, படிப்பு, சிநேகிதம் எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிசாகிவிடுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது... இவை சுமார் 12 மாத காலம் நீடித்து, அன்றாட வாழ்க்கையையே பாதித்தால் அது நோய். லீவு நாளில் இரண்டு மணி நேரம் ஆடுகிற பிள்ளைக்கு அந்தப் பட்டம் கட்டாதீர்கள்!

நீங்கள் செய்யவேண்டியவை

1. ஒரு நாள் பக்கத்தில் உட்காருங்கள். 'இது என்ன மிருகம்டா கண்ணா? ஏன் காத்துப் பக்கம் பாக்கறே?' என்று கேளுங்கள். உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பெருமை அவர்களுக்கு. என்ன ஆடுகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும்.

2. வாங்குமுன் வயது முத்திரையைப் பாருங்கள். ஐரோப்பிய முத்திரையில் 3, 7, 12, 16, 18 என்று எண் போட்டிருக்கும். பத்து வயசுப் பிள்ளைக்கு 16 போட்ட ஆட்டம் வேண்டாம்.

3. 20 நிமிஷத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு வெளியே தென்னைமரம் இருந்தால் அதுவே போதும்.

4. தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாடி விளையாட்டு. வெட்டவெளியில் என்றால் இன்னும் நல்லது. வெளியே அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு.

5. தூக்கத்தில் பேரமே கூடாது. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே திரைக்குக் கும்பிடு.

6. 'இப்பவே அணை!' என்று கத்தாதீர்கள். பத்து நிமிஷம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். தடம் பிடித்துப் பின்தொடர்ந்த வேட்டையைப் பாதியில் விடுவது, நமக்குக் கிளைமாக்ஸில் கரண்ட் போன மாதிரி. எரிச்சல் வரத்தானே செய்யும்?

7. சாப்பாட்டு நேரம் சாப்பாட்டுக்கு மட்டும். அந்த விதி அப்பாவின் செல்போனுக்கும் உண்டு!

ஒரு சின்ன சோதனை

இந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு இதைச் செய்து பாருங்கள். செலவே கிடையாது. ஒரு கடிகாரம் போதும்.

பிள்ளை ஓய்வாக இருக்கும்போது மணிக்கட்டில் நாடி பிடித்து, 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திரையில் யாக் கிட்டே வருகிற நேரத்தில் இன்னொரு தடவை எண்ணுங்கள். ஏறியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், பரபரப்புக்கும் இதயம் துடிக்கும். அடுத்து, இரண்டு மாடி படியேறி வரச்சொல்லி உடனே எண்ணுங்கள். நீங்களும் கூடவே ஏறுங்கள், உங்கள் நாடியையும் அவர்கள் எண்ணட்டும். (இதய நோய், மூட்டுவலி உள்ளவர்கள் கீழேயே நின்று கணக்கு எழுதலாம்.)

மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மெதுவாகக் கேளுங்கள்: "ரெண்டு மாடிக்கே இப்படி. பாதி ஆக்ஸிஜன்ல, ஆயிரம் கிலோ உடம்பைத் தூக்கிட்டு, பனியில நாள் பூரா நடக்குதே அந்த மாடு... அது எப்படிடா?"

பதிலைத் தேடி அவர்கள் தாமாகவே யாக்கைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார்கள் என்றால், அன்றைக்கு உங்கள் வீட்டில் ஜெயித்தது யார் தெரியுமா? கவரிமாதான்!